புகை விடும் பெட்ரோல் எஞ்சின்: பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கட்டடச் சாமான்களை வாடகைக்கு விடும் கடைகளிலும் சிறு ஒப்பந்ததாரர்களின் கொட்டகைகளிலும் ஓயாமல் உழைப்பவை 160 முதல் 200 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள். காங்கிரீட் வைப்ரேட்டர், மண்ணை இறுக்கும் காம்பாக்டர், தண்ணீர் இறைக்கும் பம்பு, சிறு ஜெனரேட்டர் என எல்லாவற்றிலும் இதே அளவு எஞ்சின் உட்கார்ந்திருப்பதால், அது பழுதாகும்போது எடுக்கும் முடிவு ஒரு கருவியோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த எஞ்சின்களுக்கும் அதுவே வழக்கமாகிவிடுகிறது. ஹோண்டா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய ஜிஎக்ஸ் வரிசையின் 160, 200 ஆகிய இரண்டு எஞ்சின்களையும், அவற்றின் அமைப்பைப் பின்பற்றிச் சீனாவில் தயாராகும் 168எஃப் வகை எஞ்சின்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் அளவுகள் ஜிஎக்ஸ் எஞ்சின்களுக்கு உரியவை. வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதனதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் புகை விடுகிறது, இழுவை குறைந்துவிட்டது, கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது என்ற நிலை வந்தவுடன் உரிமையாளர் முன் நான்கு வழிகள் நிற்கின்றன. பழைய எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம். அதே நிறுவனத்தின் புதிய எஞ்சினை வாங்கலாம். அதே அளவில் விலை குறைந்த சீன எஞ்சினைப் பொருத்தலாம். பெட்ரோலையே கைவிட்டு மின்மோட்டாருக்கோ டீசலுக்கோ மாறலாம். பெரும்பாலானோர் மெக்கானிக் சொல்லும் தொகையையும் புதிய எஞ்சினின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் கருத்தில் அந்த ஒப்பீடு கடைசியில் செய்ய வேண்டியது. எஞ்சினில் எது தேய்ந்தது, அதைத் தேய வைத்தது எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும், செலவழித்த பணம் அடுத்த பருவத்திலேயே மறுபடியும் கேட்கப்படும்.

புகையை வைத்தே எஞ்சின் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கரும்புகை பெட்ரோல் அளவுக்கு மேல் எரிவதைக் காட்டுகிறது; அடைத்துப்போன ஏர் ஃபில்டர், பாதியில் சிக்கிய சோக், சரியாக மூடாத ஃப்ளோட் ஊசி ஆகியவற்றைச் சரிசெய்தால் அது நின்றுவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது என்றாலும், எண்ணெய் எரிவதற்குப் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த எஞ்சின்களுக்குப் பிடிக்கும் எண்ணெய் சுமார் 0.6 லிட்டர்தான். ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டால் மிகுதி எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து எரியறைக்கு வந்து சேர்கிறது. வண்டியில் சாய்த்து ஏற்றிவந்த எஞ்சினும் இறக்கியதும் சில நிமிடங்கள் நீலப் புகை விடும். எஞ்சின் சூடேறி, பளுவோடு ஓடும்போதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டிய அவசியம் எழுகிறது.

இழுவை குறைந்ததற்கும் இதேபோல் எளிய காரணம் இருக்கக்கூடும். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்த நிலையில், உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டரும் வெளியேற்றும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். வாடகைக் கடை எஞ்சின்களில் இதை ஒருமுறைகூட ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இடைவெளி குறைந்தால் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசிகிறது. அதிகமானால், கயிறு இழுக்கும்போது அழுத்தத்தைச் சிறிது விடுவிக்க, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இருக்கும் சிறு அமைப்பு வால்வைத் தொடாமலே போய், கயிறு கையைத் திருப்பி இழுக்கிறது. இந்த அமைப்பு இருப்பதால் கயிறு இழுத்துக் கம்ப்ரெஷன் கேஜில் பார்க்கும் அளவு நல்ல எஞ்சினிலும் குறைவாகவே காட்டும். அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி "கம்ப்ரெஷன் போய்விட்டது, போர் போட வேண்டும்" (அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க வேண்டும்) என்று சொல்லப்பட்டால், உரிமையாளர் அங்கேயே நிறுத்தி அடுத்த சோதனையைக் கேட்க வேண்டும்.

அந்த அடுத்த சோதனை, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் கசிவைக் கேட்பது. பிஸ்டனை அழுத்தும் கட்டத்தின் உச்சியில் நிறுத்தி, காற்றழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். காற்று பிஸ்டனைத் தள்ளி ஷாஃப்டைச் சுழற்றிவிடும் என்பதால் ஷாஃப்டை உறுதியாகப் பிடித்துக்கட்டாமல் இதைச் செய்யக் கூடாது. கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு, சைலன்சரில் கேட்டால் வெளியேற்றும் வால்வு, ஹெட்டின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் கொப்புளித்தால் கேஸ்கெட், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் சிலிண்டரும் என்று பழுதின் இடம் அப்போதே தெரிந்துவிடுகிறது. முதல் மூன்றும் ஹெட்டோடு முடியும் வேலைகள். வால்வைச் சீட்டில் தேய்த்து உட்கார வைத்து, புதிய கேஸ்கெட் போட்டு, இடைவெளியைச் சரிசெய்தால் எஞ்சின் பழைய நிலைக்கு வந்துவிடும். இத்தகைய நேரத்தில் புதிய எஞ்சின் வாங்குவது வீண் செலவு என்று தயக்கமின்றிச் சொல்வேன். கடினமான முடிவு நான்காவது நிலையில்தான் வருகிறது.

எண்ணெய் வாயில் காற்று சீறினால் எஞ்சினைப் பிரித்து அளக்க வேண்டும். ஜிஎக்ஸ் 160, 200 இரண்டின் சிலிண்டர் விட்டமும் புதிதாக இருக்கும்போது 68.00 மில்லிமீட்டர், பயன்பாட்டின் எல்லை 68.165. மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, போர் கேஜ் வைத்து அளந்தால்தான் தேய்மானம் முட்டை வடிவமாகியிருக்கிறதா என்பது புலப்படும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியைப் பார்க்கலாம், புதிதில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியது 1.0ஐத் தொட்டுவிட்டால் ரிங்கின் ஆயுள் முடிந்தது. சிலிண்டர் எல்லைக்குள் இருந்து ரிங் மட்டும் போயிருந்தால் ரிங் மாற்றுவது போதும். சிலிண்டரும் எல்லையைத் தாண்டியிருந்தால் போர் போட்டு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கமான யோசனை. கேட்பதற்கு மலிவாகத் தெரியும் இந்த வழியைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

தேய்மானம் சிலிண்டரோடு நின்றிருக்காது என்பதே முதல் காரணம். இந்த எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி போன்ற நீட்சி எண்ணெயை வாரி இறைத்தே எல்லாப் பாகங்களும் நனைகின்றன. சிலிண்டரைத் தேய்த்த அதே தூசு அந்த எண்ணெயில் கலந்து, ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின், கேம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கியர் எல்லாவற்றையும் தொட்டிருக்கும். ராடு அலுமினியம், அதற்கென்று தனி பேரிங் ஷெல் இல்லை, ராடின் உலோகமே நேராகக் கிராங்க் பின்னில் சுழல்கிறது. அதில் தளர்வு வந்த பிறகு புதிய பிஸ்டனை மட்டும் மாட்டி முழு வேகத்தில் ஓட்டினால் ராடு உடைந்து கிராங்க்கேஸைத் துளைத்து வெளியே வரும். அப்போது செய்த செலவு முழுவதும் போய்விடும். எனவே போர் போடுவதாக இருந்தால் ராடும் புதிதாக இருக்க வேண்டும். கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரில் அளந்து எல்லைக்குள் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இரு பக்கப் பேரிங்குகளையும் எண்ணெய் சீல்களையும் மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் மெக்கானிக் முதலில் சொன்ன தொகை இரட்டிப்பாவது இயல்பு.

வேலையின் தரம் இரண்டாவது காரணம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் புதிதில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு மட்டுமே. இருசக்கர வாகனங்களுக்குப் போர் போட்டுப் பழகிய நல்ல பட்டறைகள் தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும் உண்டு; பம்புத் தொழில் வளர்ந்த கோவையில் சொல்லவே வேண்டாம். ஆனால் பிஸ்டனை முன்கூட்டியே வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து, ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்து தருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஹோனிங் முடிந்த சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படாத அளவுக்குத் துப்புரவாக்கி, உடனே எண்ணெய் பூச வேண்டும். பெட்ரோலில் நனைத்து எடுத்தால் மட்டும் ஹோனிங் கல்லின் துகள் நீங்குவதில்லை. அந்தத் துகளே புதிய ரிங்கை முதல் வாரத்தில் அரித்துவிடும். ராடு போல்ட்டுகளை 12 நியூட்டன் மீட்டருக்கும் ஹெட் போல்ட்டுகளை 24க்கும், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் அலுமினிய ராடைப் பூட்டக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கிராங்க்கேஸ், கிராங்க், பிஸ்டன், ராடு ஆகியவை பூட்டப்பட்டே வரும் ஷார்ட் பிளாக் கிடைக்குமானால், போர் போடுவதைவிட அதுவே எனக்கு நிறைவான வழியாகத் தோன்றுகிறது. பழைய ஹெட், கார்புரேட்டர், காயில், டேங்க் எல்லாம் அப்படியே பயன்படும். கிடைப்பதுதான் கடினம், கடைக்காரர் முழு எஞ்சினை விற்கவே விரும்புவார்.

பழுதுபார்ப்பதில் உயிருக்கு உள்ள ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்ரோலின் ஆவி உறைபனிக்கும் வெகு கீழே, சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி, தொலைவில் இருக்கும் அடுப்பையோ வெல்டிங் பொறியையோ சென்று சேரும். ஆயினும் பிரித்த பாகங்களைத் தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. அந்த வேலைக்கு மண்ணெண்ணெயோ டீசலோ பாதுகாப்பானது. அதையும் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே கிராங்க்கைச் சுழற்றும் எந்த வேலையையும் தொடங்க வேண்டும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாமல் புல்லர் கொண்டு கழற்ற வேண்டும். பூட்டிய பிறகு "இழுவை போதவில்லை" என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டிவிடுவது மிகக் கொடிய பழக்கம். பளு இல்லாதபோது வேகம் நிமிடத்துக்கு 3,850 சுற்றுகள், அதற்கு மேலோ கீழோ 150 என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும். வேகம் எல்லை மீறிப் போனால் ராடோ ஃப்ளைவீலோ சிதறுவது அருகில் நிற்பவர் மீதுதான்.

புதிய எஞ்சின் வாங்குவோருக்கு முன் இருப்பது அசலா, சீன எஞ்சினா என்ற கேள்வி. 168எஃப் என்ற பெயரில் ஒன்று என்பது ஒற்றை சிலிண்டரையும், 68 என்பது அதன் விட்டத்தையும் குறிக்கிறது. அடித்தள போல்ட் துளைகள் முதல் கார்புரேட்டர் வரை பல பாகங்கள் ஜிஎக்ஸ் எஞ்சினோடு பொருந்தும் வகையில் அமைந்தவை. விலை கணிசமாகக் குறைவு. ஆண்டுக்கு ஐம்பது, அறுபது மணி நேரம் ஓடும் ஒரு வைப்ரேட்டருக்கு இது நியாயமான தேர்வு என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்த வகை எஞ்சின்கள் பல ஆலைகளில் தயாராகின்றன. ஒன்றின் தரம் இன்னொன்றுக்கு உறுதி அல்ல. இயக்குவதற்கு முன் எல்லா போல்ட்டுகளையும் வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். ஷாஃப்ட் விட்டம் 20 மில்லிமீட்டரா, முக்கால் அங்குலமாகிய 19.05 மில்லிமீட்டரா என்று அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாடு பழைய புல்லியையும் கப்ளிங்கையும் பயனற்றதாக்கிவிடும். அசலானாலும் நகலானாலும் புதிய எஞ்சின் பெட்டியில் எண்ணெய் இல்லாமலே வருகிறது என்பதை வேலைக்காரர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். முதல் 20 மணி நேரத்தில் எண்ணெய் மாற்றுவதைத் தவறவிட்டால் இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு பொருளற்றதாகிறது.

நாள்தோறும் ஓடும் கருவிக்கு அசல் எஞ்சின்தான் என் தேர்வு. நீடித்த உழைப்பைப் போலவே உதிரிபாகமும் இதற்குக் காரணம்: ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் சரியான அளவு ரிங்கும் கேஸ்கெட்டும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க முடியும். 168எஃப் எஞ்சினுக்குப் பாகம் கேட்டால் "ஹோண்டா சைஸ்தான், பொருந்தும்" என்ற பதிலே கிடைக்கும். பெரும்பாலும் பொருந்தும், சில நேரம் பொருந்தாது.

எந்தப் பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டாலும் இந்தியாவில் இப்போது ஒரு புதிய நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. ஆனால் ஜிஎக்ஸ் எஞ்சின்களின் கையேடு ஏற்றுக்கொள்ளும் எத்தனால் அளவு 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தங்கி, ஜெட்டை அரிக்கிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் எஞ்சின் மறுபடி ஓடாததற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் குழாயை மாற்றிவிடுவதும் நல்லது.

இந்தச் சிக்கல்களையெல்லாம் ஒரேயடியாக நீக்கும் வழி மின்மோட்டார். வேலை நடக்கும் இடத்தில் நம்பகமான மின்சாரம் இருந்தால், மற்ற மூன்று வழிகளையும் எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை என்று சொல்லும் அளவுக்கு இதன் கணக்கு தெளிவானது. ஜிஎக்ஸ்200 முழுப் பளுவில், நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளில், 4.1 கிலோவாட் தந்து மணிக்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 170 ரூபாய். ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடினால் 85,000 ரூபாய். எஞ்சினின் விலையைப் பற்றி வாதிடுபவர்கள் இந்தத் தொகையைக் கண்டுகொள்வதே இல்லை. அதே ஆற்றலைத் தர 85 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்கு மணிக்கு ஐந்து யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தேவை. யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று கூட்டியே கணக்கிட்டாலும் 60 ரூபாயைத் தாண்டாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது வேகம். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்றுகளே சுழலும். அதாவது எஞ்சினின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு. நேராகப் பூட்டிய மையவிலக்குப் பம்பில் நீரின் அளவு 80 சதவீதமாகவும், தூக்கும் உயரம் 64 சதவீதமாகவும் குறைந்துவிடும். பெல்ட்டில் ஓடும் கருவியானால் புல்லியை மாற்றி இதை ஈடுசெய்யலாம். நேராகப் பூட்டிய பம்பானால் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஈரமான தரையில் மின்கருவி இயங்கும் என்பதால் 30 மில்லியாம்ப் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் முறையான எர்த்தும் இல்லாமல் மோட்டாரை இறக்கவே கூடாது.

நிலத்தடித் தொட்டி, அடித்தளம், கிணறு போன்ற இடங்களில் விலைக்கணக்கு எதுவும் வேண்டாம். பெட்ரோல் எஞ்சினின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மயக்கம் வரும்வரை அது இருப்பதே தெரியாது. உள்ளே இறங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரையும் அது கொண்டுபோகிறது. அங்கே மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பைத்தான் இறக்க வேண்டும். ஆள் உள்ளே நிற்கும்போது அதை ஓட்டக் கூடாது. அதற்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் மேலே, வாயிலிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். எரிபொருள் மிச்சமாகும், தீ ஆபத்து குறையும். ஆனால் 16 கிலோ எடையுள்ள பெட்ரோல் எஞ்சினின் இடத்தில் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள எஞ்சின் உட்காரும், அதிர்வும் கூடும். ஓரிடத்தில் நின்று நாள் முழுவதும் ஓடும் பம்புக்கு அது பொருந்தும். இருவர் தூக்கி மாடியேற்றும் வைப்ரேட்டருக்குப் பொருந்தாது.

எந்த வழியை முடிவு செய்தாலும், எஞ்சினைத் தேய வைத்த காரணத்தைத் தேட வேண்டிய கடமை நீங்குவதில்லை. கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கும்போது நறநறவென்று துகள் ஒட்டினால், தூசு ஏர் ஃபில்டரைக் கடந்து போயிருக்கிறது. எம்சாண்ட் தூசு பறக்கும் தளங்களில் கையேடு சொல்லும் 50 மணி நேரம் வரை காத்திருக்காமல், வேலை நாள் ஒவ்வொன்றும் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். கிழிந்த ஸ்பாஞ்சைக் கழுவி மறுபடி போடக் கூடாது. எண்ணெய் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சாரின் வயர் கழற்றிவிடப்பட்டிருந்தால், அதைக் கழற்றியவர் யார் என்று கேட்பதைவிட, அது ஏன் அடிக்கடி எஞ்சினை நிறுத்தியது என்று கேட்பதே பயனுள்ளது. சாய்வான தளத்தில் நிறுத்தி ஓட்டியதால் நின்றிருக்கலாம், அல்லது உண்மையாகவே எண்ணெய் இல்லாமல் நின்றிருக்கலாம். நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெயின் விலை, அந்த நூறு மணி நேரத்தில் முழுப் பளுவில் எரியும் 170 லிட்டர் பெட்ரோலின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத் தக்கதே அல்ல. வாடகைக் கடையில் எஞ்சின் வாரியாக ஓடிய மணி நேரத்தை எழுதிவைக்க ஒரு நோட்டு இருந்தால், எந்தக் கருவிக்கு அசல், எந்தக் கருவிக்கு மலிவான எஞ்சின், எதற்கு மோட்டார் என்ற கேள்விக்கு அதுவே விடை சொல்லும்.

மாற்றிய பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சிலிண்டர் தேய்ந்த எஞ்சினிலும் காயில், ரீகாயில் ஸ்டார்ட்டர், டேங்க், ஃப்ளைவீல், நல்ல நிலையில் இருந்தால் ஹெட் ஆகியவை அதே வகையைச் சேர்ந்த அடுத்த எஞ்சினுக்கு உதவும். டேங்கையும் கார்புரேட்டரையும் திறந்த வெளியில் வடித்து உலரவிட்டு, எண்ணெயை வடித்துத் தனி டப்பாவில் சேர்த்து, எந்தக் கருவியிலிருந்து எந்தத் தேதியில் கழற்றியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டி வைத்தால் போதும்.